மரவள்ளிக் கொல்லையில் இருபது நிமிடம்

செந்தமிழ்ச்செல்விக்கு ரத்தம், சளி, மலம் எதைத் தொடவும் அருவருப்பு கிடையாது. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒரு சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாகப் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குக் கஷ்டம் கொடுப்பது சன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களின் முகம்தான்.

"இன்னா மேடம் வந்திருக்குது?"

"ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு."

"அது நல்லதா, கெட்டதா?"

ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் தொண்டை வறண்டுபோனதுதான் மிச்சம். பிறகு தானாகவே ஒரு வழக்கம் வந்தது. கையகலச் சீட்டில் பெயர், சோதனை, அதற்கு நேராக ஒன்றிரண்டு சொல். ஒன்று 'நார்மல்', இல்லையென்றால் 'டாக்டரைப் பார்க்கவும்'. சீட்டின் மூலையில் ஊதா முத்திரை. சனங்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. முத்திரை விழுந்த சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டால் பாதி நோய் போன மாதிரி நடந்து போனார்கள்.

தியாகதுருகத்தில் மாவு மில்லில் வேலை பார்த்த பழனியின் மூத்த மகள் அவள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள், கள்ளக்குறிச்சியில் இரண்டு வருஷப் பட்டயப் படிப்புக்குப் போனபோது புத்தகம் முழுக்க ஆங்கிலம். 'கோயாகுலேஷன்' என்ற சொல்லை ஓரத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'உறைதல்' என்று போட்டு, பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவாள். வாத்தியார் ஒருவர் சொன்னதை மட்டும் அவள் நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள்: மற்ற சோதனைகளில் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம், இந்த உறைதல் சோதனையில் ரத்தம் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். பரீட்சையில் அது வரவில்லை. மறந்துபோனாள்.

ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிப்பார்களா என்ற பயம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். வாரநாட்களில் கரியாலூரில் ஒரு அறை, சனிக்கிழமை தியாகதுருகம். மகள் தேவதர்ஷினி ஒன்பதாவது படிக்கிறாள். கணவன் வெற்றிவேல் உரக்கடையில் இருக்கிறான். "மலையில உனக்கு என்னதான் வேலை?" என்று அவன் கேட்டால், "பாம்புக்கும் மனுஷனுக்கும் நடுவுல பஞ்சாயத்து" என்பாள். பொய்யில்லை. மழை விட்டு, மரவள்ளி பிடுங்கும் காலம் வந்தால் மாதம் நாலைந்து பாம்புக்கடி வரும்.

கடிபட்டவர் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை மட்டும் அவள் சீராகச் செய்வாள். சோப்புத்தூள் படாத, ஈரமில்லாத புதிய கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக் ஆகாது. அதில் இரண்டு மில்லி ரத்தம். தாங்கியில் நிறுத்தி, இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. இருபதாவது நிமிடம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பாள். கெட்டித் தயிர் மாதிரி நின்றால் உறைந்தது. சரிந்து வழிந்தால், விரியன் விஷம் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து போட்டாக வேண்டும்.

போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள். காலை எட்டுக்கே இருபத்திரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சுபஸ்ரீ வேறொரு கிராமத்தில் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார். சிஸ்டர் பிரசவ அறையில் இருந்தார். எட்டேகாலுக்கு ஒரு பைக்கில் முனியனும் அவன் பெண்டாட்டி தங்கமணியும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் கூலிக்கு மரவள்ளி பிடுங்குகிறவர்கள்.

"இவள பாம்பு தொட்டுச்சுங்க மேடம். ஏழேகாலு இருக்கும்" என்றான் முனியன்.

"என்ன பாம்பு? பாத்தீங்களா?"

"சின்னதுங்க. முழங்கூட இல்ல. மண்ணு நெறத்துல கல்லுக்கடியில சுருட்டிக்கினு இருந்துச்சு."

சுருட்டை விரியன் என்று செல்விக்குப் பட்டது. தங்கமணியின் வலது கணுக்காலுக்கு மேல் இரண்டு ஊசிமுனைப் புள்ளி. வீக்கம் அதிகமில்லை. முப்பது வயதிருக்கும் அவளுக்கு. முகத்தில் பயத்தைவிட எரிச்சல்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம். வேப்பிலைய குடுத்தாங்க, நல்லாத்தான் கசந்துச்சு. மொளகும் காரமாத்தான் இருந்துச்சு. வெசம் ஏறியிருந்தா இனிக்குமாமே? இந்த ஆளுதான் இட்டாந்துட்டான்."

வேப்பிலை கசந்தால் விஷம் இல்லை என்பது மலையிலும் அடிவாரத்திலும் எல்லோரும் வைத்திருக்கிற சோதனை. செல்வி அதோடு சண்டை போடுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டாள். எட்டு இருபதிலிருந்து எட்டு நாற்பது. சாய்த்தாள். அப்படியே நின்றது.

"உறைஞ்சிருக்கு" என்றாள்.

முனியன் கையெடுத்துக் கும்பிட்டான். தங்கமணி எழுந்தேவிட்டாள்.

"உக்காரும்மா. இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். அப்புறமும் பாக்கணும். ஒரு நாள் பூரா இங்கதான் இருக்கணும்."

"ஒரு நாளா? இன்னைக்கு லோடு போவணும் மேடம். புடுங்கின கெழங்கு இன்னைக்கே மில்லுக்குப் போவலைன்னா மாவு கம்மியாயிடும், மேஸ்திரி எங்கள மென்னு துப்பிடுவாரு."

"அவர்கிட்ட நான் பேசறேன்."

"பேச்சுல இன்னா இருக்குது? சீட்டு குடுங்க. பாம்பு தொட்ட ஆளு சீட்டு இல்லாம கொல்லையில கால வெக்கக் கூடாதும்பாரு. நாளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா கேஸு அவரு மேல வருமாம்."

அது உண்மைதான். கூலிக்கு ஆள் வைக்கிற அந்தப் பக்கத்து மேஸ்திரிகள் எல்லோரும் அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றாலும் சரி, அடிபட்டுத் திரும்பினாலும் சரி, ஆஸ்பத்திரி முத்திரை வேண்டும். உள்ளே இரண்டு கர்ப்பிணிகள் மயக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ வாந்தி எடுத்தார்கள். செல்வி சன்னல் வழியாகக் கையை நீட்டிச் சீட்டை எடுத்தாள். 'தங்கமணி. ரத்தம் உறைதல்: நார்மல்.' முத்திரையைக் குத்தினாள். "இத வச்சுக்கிட்டு அந்த பெஞ்சுல உக்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நேரம் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பதினெட்டாவது கர்ப்பிணியின் விரலைக் குத்தும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐந்து. திடுக்கிட்டு வெளியே வந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது.

"அவங்க அப்பவே போயிட்டாங்களே" என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி. "சீட்டுல நார்மலுன்னு போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொன்னேன். கொல்லைக்கே கெளம்பிட்டாங்க."

'உறைந்தது' என்பது எட்டு நாற்பதுக்கு அந்த ரத்தம் செய்த வேலை. ஒன்பது நாற்பதுக்கு அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. சுருட்டை விரியன் விஷம் சில பேருக்கு மெதுவாகத்தான் ஏறும். இது எல்லாம் தெரிந்த கைதான் அந்தச் சொல்லை எழுதி முத்திரை குத்தியது.

டாக்டருக்குப் போன் போட்டாள். "பேஷண்ட வெளியில விட்டீங்களா?" என்றார் சுபஸ்ரீ. பிறகு, "நான் கிளம்பறேன். நீங்க எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார். மலையில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸோடு கீழே இறங்கியிருந்தது. வாசலில் அக்பர் அலியின் குட்டியானை வண்டி நின்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து வாரம் இருமுறை வந்து கடுக்காயும் புளியும் வாங்கிப் போகிற வியாபாரி.

"பாய், அவசரம். ஒரு நாலு கிலோமீட்டர்."

"ஏறுமா. புளி மூட்டை மேல உக்காராத, முன்னாடி வா." வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டார். "யாருக்கு இன்னா?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் பாய்."

அக்பர் அலி அதற்கு மேல் கேட்கவில்லை. மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினார். செல்வி மடியில் துணியில் சுற்றிய ஊசியையும் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் பத்து பதினைந்து பேர் வேலையாக இருந்தார்கள். தங்கமணி கிழங்குக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியால் குச்சியிலிருந்து கிழங்கை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா மேடம், காலையில எடுத்த ரத்தம் அதுக்குள்ள வித்துப் போச்சா?"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். செல்வி அவள் கையைப் பிடித்து இரவிக்கைக் கையை ஏற்றினாள். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு முழுக்க நனைந்து, சிவப்பு முழங்கைக்குக் கீழே கோடாக இறங்கியிருந்தது.

"இது நிக்கவே இல்லையா?"

"குச்சிக்கெழங்கு புடுங்குனா பின்ன கசியாதா? கை இன்னா சும்மாவா இருக்குது?"

"வண்டியில ஏறு தங்கமணி. உடனே போவணும்."

மேஸ்திரி நாராயணசாமி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார்.

"மேடம், இது உங்க கையெழுத்துதான? நார்மலுன்னு இருக்குது. சீலு இருக்குது. இப்ப வேற கத சொல்றீங்க. எழுத்த நம்பறதா, வாய நம்பறதா?"

"அது அந்த நேரத்துக்கு எழுதினதுங்க."

"நேரம் ஒண்ணும் போடலையே இதுல."

முனியன் செல்வியையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தான். தங்கமணி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்தா ஒரு நாளுன்னுவாங்க, நாலு நாள் ஆவும். எனக்கு ஒண்ணும் இல்ல. வேப்பிலையும் சொல்லிச்சு, நீங்களும் சொன்னீங்க."

தூக்கிக்கொண்டு போகவா முடியும்? தன் சொல்லைத் தானே வெட்டிப் போடுவதற்கு அவளிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதற்கு இருபது நிமிடம் வேண்டும். வண்டியில் வைத்தால் குலுங்கும். குலுங்கினால் சோதனை கெட்டுப்போகும். இங்கேயே, இந்த மண்ணில்தான் பார்க்க வேண்டும். இந்த இருபது நிமிடத்தில் உள்ளே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேறு வழியும் தெரியவில்லை.

இன்னொரு கையில் ரத்தம் எடுத்தாள். குழாயை எங்கே நிறுத்துவது? முனியன் கொழுத்த கிழங்கு ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கி, நடுவில் கத்திமுனையால் குடைந்தான். குழாய் அதில் கச்சிதமாக நின்றது. அதை வரப்போரம் நிழலில் வைத்தார்கள். மேஸ்திரி செல்போனில் நேரம் வைத்தார். பத்து முப்பத்தைந்து.

"காலையில உறைஞ்ச ரத்தம் இப்ப எப்படி உறையாம போவும்?" முனியன் கேட்டான். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"பால்ல உறை மோர் ஊத்தறோம் இல்ல? ரத்தத்துக்குள்ளயே அது மாதிரி ஒரு சரக்கு எப்பவும் இருக்கும். அடிபட்டா அதுதான் ரத்தத்த உறைய வெச்சு அடைக்கும். இந்த விஷம் உள்ள போயி அந்தச் சரக்க கொஞ்சம் கொஞ்சமா செலவழிச்சுடும். காலையில பாத்தப்ப மிச்சம் இருந்துச்சு. அதனால உறைஞ்சுது."

"தீந்து போச்சுன்னா?"

"எங்க வேணா கசியும். ஈறுல, மூக்குல, வயித்துல. தலைக்குள்ள."

தங்கமணி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். நாக்கால் ஈறைத் தடவினாள். வெற்றிலை போடாத வாயிலிருந்து துப்பினாள். எச்சில் சிவப்பாக மண்ணில் விழுந்தது. பதினொன்றாவது நிமிடம் அது.

"போலாம் எந்திரி" என்றான் முனியன்.

"இன்னும் ஒம்பது நிமிஷம் கீதே" என்றார் மேஸ்திரி.

அக்பர் அலி வண்டிப் பக்கத்திலிருந்து கத்தினார். "யோவ் மேஸ்திரி, துப்புனது கண்ணுக்குத் தெரியலையா? ஒன் போனுல மணி அடிச்சாத்தான் அந்தப் பொண்ணு நோயாளியா? நவுருய்யா!"

முனியன் தங்கமணியை வண்டியில் ஏற்ற, செல்வி கிழங்கோடு குழாயைத் தூக்கினாள். சோதனை முறைப்படி அது செல்லாது. பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி கிளம்பியதும் குழாய் குலுங்கியது. உள்ளே இருந்தது தண்ணீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மடியில் அதை வைத்துக்கொண்டு, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேனோ என்று அவளுக்குத் தோன்றியது. நனைந்த பஞ்சைப் பார்த்ததுமே போதாதா? காலில் விழுந்தாவது அழைத்திருக்கலாம். 'நான் எழுதினது தப்பு' என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியிருக்கும். அக்பர் அலியிடம் வந்த அந்த வார்த்தை கொல்லையில் வரவில்லை.

டாக்டர் வந்து சேர்ந்திருந்தார். தாங்கியில் இன்னொரு குழாய் வைத்தார்கள். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. பதினொன்று பத்துக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் தங்கமணிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முனியன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "மருந்தே வெசமா மேடம்? இதையாச்சும் நெசமா சொல்லுங்க" என்றான். விஷமுறிவு மருந்து சில பேருக்கு இப்படி ஒத்துக்கொள்ளாது. டாக்டர் மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, குளிர் அடங்கியதும் மறுபடி மெதுவாக விட்டார்.

தாங்கியில் இருந்த குழாயைச் செல்வி இருபதாவது நிமிடம் சாய்த்தாள். சரிந்து வழிந்தது. டாக்டர் கேஸ் தாளில் 'கோயாகுலோபதி' என்று எழுதினார். பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிய சொல்லின் தங்கச்சி. உறையும் வேலை கெட்டுப்போன நிலை. ஒரு சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் டாக்டர் நேரத்தை எழுதியிருந்தார்.

"அந்தச் சீட்டு எங்க?" என்று பிறகு தனியாகக் கேட்டார்.

"மேஸ்திரிகிட்ட."

"ம்." சுபஸ்ரீ ரிஜிஸ்டரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "ரிஜிஸ்டர்ல என்ன எழுதப் போறீங்க?"

"நடந்தத."

எட்டு நாற்பது, உறைந்தது. மறுசோதனைக்கு முன் நார்மல் என்று சீட்டுக் கொடுத்தேன். நோயாளி வெளியே போனார். பதினொன்று முப்பது, உறையவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். மார்ச் மாதம் வேலையைப் புதுப்பிக்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் புரட்டக்கூடும் என்று நினைத்தாள். ஆனாலும் அடிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பப் பார்த்தபோதும் ரத்தம் உறையவில்லை. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. இரண்டாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏறும்போது முனியன் செல்வியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புகார் கொடுக்க என்றே நினைத்தாள். மூன்று நாள் அந்த நினைப்போடுதான் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அவன் கூப்பிட்டான்.

"மேடம், வூட்டுக்குப் போவச் சொல்றாங்க. சீட்டு குடுத்துட்டாங்க. பக்கத்துக் கட்டிலு பையன் படிச்சான். எல்லாம் நார்மலுன்னு போட்டிருக்குதாம்."

"சந்தோஷம்ங்க."

"அதாங்க மேடம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நெசமா போலாமா?"

செல்வி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இதை இவன் தன்னிடம் கேட்கிறான்.

"எத்தனை வாட்டி பாத்தாங்க?"

"ஆறு வாட்டிங்க. கடேசி மூணும் நான் கிட்டக்கவே நின்னு பாத்தேன். கவுத்தா நிக்குது. உழல."

"மூத்திரம் என்ன நெறத்துல போவுது?"

"அத அவளயே கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

"வெள்ளையாத்தான் போவுது மேடம்" என்றாள் தங்கமணி. குரல் மெலிந்திருந்தாலும் எரிச்சல் குறையவில்லை. "இந்த ஆளோட மானம் போச்சு. டாக்டரு, நர்சு, கூட்டறவங்க ஒருத்தர வுடல. நார்மலுன்னா எந்த நேரத்துக்கு நார்மலு, எந்த நேரத்துக்கு நார்மலுன்னு கேட்டுக்கினே இருக்கான். எல்லாரும் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும். அவர் கேக்கறது சரிதான்." என்றாள் செல்வி. "தங்கமணி, அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது தப்பு. இன்னொரு வாட்டி பாக்காம எழுதியிருக்கக் கூடாது."

"நானுந்தான் பெஞ்ச வுட்டு எந்திரிச்சு வந்தேன்" என்றாள் தங்கமணி. பிறகு, "ஆனா எழுதுனது நீங்கதான்" என்றாள்.

"ஆமா."

"சரி, கெளம்பட்டுமா?"

"கெளம்பு. ஈறுல கசிஞ்சாலோ, மூத்திரம் கொறஞ்சாலோ, நெறம் மாறுனாலோ உடனே வரணும். பத்து நாளைக்குக் கொல்லைக்குப் போவாத. மேஸ்திரிகிட்ட நானே வந்து பேசறேன்."

போனை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். சன்னலில் நாலு பேர் சீட்டுக்காக நின்றிருந்தார்கள். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு, கள்ளக்குறிச்சி வார்டின் எண்ணைத் தேடி அழைத்தாள். நீண்ட நேரம் அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள்.

"தங்கமணியா? பாம்புக்கடி கேஸ்தான? அவங்களுக்கு எல்லாம் நார்மல்மா, டிஸ்சார்ஜ் ஆகுறாங்க."

"கடைசியா எத்தனை மணிக்குப் பாத்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, செல்வி பேனாவை எடுத்தாள்.